அந்த டார்ச் லைட் யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமர வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவனும் இப்போது ஆசிரியர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தைந்து பேரைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறானாம். வண்டலூர், எழும்பூர் மியூசியம் என்று பட்டியல் படித்தான். கடைசியில் கேட்டான்.

"டீச்சர், எழும்பூர்லயே பழைய கமிஷனர் ஆபீஸ போலீஸ் மியூசியமா மாத்தியிருக்காங்க இல்ல? பசங்க அதுக்கும் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. குற்றவாளிங்க வெச்சிருந்த துப்பாக்கி, கத்தி எல்லாம் பாக்கணுமாம். கூட்டிட்டுப் போகலாமா?"

சாதாரண கேள்விதான். போங்கப்பா என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "யோசிச்சு சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். டீச்சருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பான். அவனுக்கான பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். இதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர், வருஷம் மூன்றும் வேண்டாம் என்றாள். அதனால் தொண்ணூறுகள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் வேறோர் ஊரில் இடைநிலை ஆசிரியை. ஐந்தாம் வகுப்பு. பக்கத்து டவுனில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், டெல்லி அப்பளம், மரணக் கிணறு எல்லாம் உண்டு. அவற்றோடு அரசுத் துறைகளின் அரங்குகளும் இருக்கும். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வோர் அரங்காகக் கூட்டிப் போனேன்.

ஓர் அரங்கில் குற்றத் தடுப்பு விழிப்புணர்வு என்று எழுதியிருந்தது. நீளமான மேசை, வெள்ளைத் துணி விரிப்பு. அதன் மேல் கள்ளச்சாராயம் காய்ச்சிய பானை, பூட்டு உடைக்கும் கம்பி, நாட்டுத் துப்பாக்கி, அரிவாள்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அட்டை. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எனக்கும்தான். பொய் சொல்ல மாட்டேன். "பாருங்க, கெட்ட வழியில போனா என்ன ஆகும்னு பாருங்க" என்று பெரிய ஞானி மாதிரி விளக்கிக்கொண்டே போனேன்.

ஒரு பெண் மட்டும் நகரவில்லை. ஓர் அரிவாளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டார்ச் லைட் இருந்தது. அங்கங்கே நசுங்கியிருந்தது. கையில் மாட்டிக்கொள்வதற்காக அதன் அடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அட்டையில் 'கொலையுண்டவரிடமிருந்து கைப்பற்றப்பட்டது' என்று எழுதியிருந்தது.

"டீச்சர், அந்த டார்ச்சு எங்களுது."

"உங்க வீட்லயும் அதே மாதிரி இருக்கா? சரி சரி, வரிசையில போ."

"இல்ல டீச்சர். அதுவேதான் எங்களுது. ரிப்பன் என்னுது. எப்ப குடுப்பாங்க டீச்சர்?"

அவள் தாய்வழிப் பாட்டி வீட்டில் தங்கிப் படித்த பெண். மூன்றாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வந்தாள். அப்பா இல்லை என்று தெரியும். எப்படி இல்லாமல் போனார் என்று நான் கேட்டதில்லை. பாட்டியும் சொன்னதில்லை. இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரை வரப்புத் தகராறில் வெட்டிவிட்டார்கள் என்பதும், வழக்கு முடிந்துவிட்டது என்பதும் அதன் பிறகுதான் எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்? அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அரங்கில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. அவள் பஞ்சுமிட்டாயைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தாள். பஸ் ஏறும்போது அது சிறு உருண்டையாகச் சுருங்கி விரலெல்லாம் ரோஸ் நிறமாக இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கம்.

இதனால்தான் மாணவன் கேட்டதும் எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்தப் போலீஸ் மியூசியத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2021 செப்டம்பர் 28-ஆம் தேதி முதலமைச்சர் அதைத் திறந்து வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், அதை இடிக்காமல் பழுதுபார்த்துக் காப்பாற்றியதே நல்ல காரியம். சீருடைகள், வாள்கள், பதக்கங்கள், காவல் துறையின் வரலாறு எல்லாம் பிள்ளைகள் பார்க்க வேண்டியவைதான். என் கேள்வி அந்த ஒரு கட்டடத்தைப் பற்றியது அல்ல. ஒரு கொலையிலோ கொள்ளையிலோ சம்பந்தப்பட்ட பொருளை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் அதற்கு முன்னால் நாம் என்னவாக நிற்கிறோம் என்பதைப் பற்றியது.

என் சித்தப்பா மகன் காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அவனிடம் இதைச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, ஒரு கேஸ கண்டுபிடிக்க எத்தனை ராத்திரி தூங்காம அலைஞ்சிருக்கோம் தெரியுமா? அந்த உழைப்பு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா? கத்தியையும் ரத்தத்தையும் காட்டினாதான் ஒரு கேஸ் எப்படி நிக்குதுன்னு புரியும்."

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆளவந்தார் கொலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1952 ஆகஸ்ட் மாதம். சென்னையில் இருந்து போன ரயிலில் யாரும் உரிமை கோராத ஒரு டிரங்குப் பெட்டி. மானாமதுரையில் திறந்து பார்த்தால் தலையில்லாத உடல். பிறகு ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. இரண்டும் ஒரே மனிதருடையவைதான் என்று மருத்துவர்கள் நிரூபித்தார்கள். டி.என்.ஏ. சோதனை என்ற பேச்சே இல்லாத காலம். நம் நாட்டுத் தடய அறிவியல் வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. பிள்ளைகளுக்கு அறிவியல் பாடமாகவே நடத்தலாம்.

ஆனால் அந்தக் கதையை நான் கேட்ட விதம் வேறு. என் சின்ன வயதில் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்கள். பெட்டி, ரயில், தலை என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நாங்கள் பயந்துகொண்டே, இன்னொரு முறை சொல்லுங்கள் என்போம். அந்த ஆளவந்தாருக்கு ஒரு குடும்பம் இருந்தது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. எழுபது வருஷம் கழித்தும் அந்த மனிதரின் பெயர் ஒரு வழக்கின் பெயராகத்தான் நிற்கிறது. அந்தப் பேனா வியாபாரியை நமக்குத் தெரியாது. அவரை அடைத்த பெட்டியைத்தான் தெரியும்.

எனக்கு உறுத்துவது இதுதான். கத்தி கண்ணாடிக்குள் போனதும் கதாநாயகன் ஆகிவிடுகிறது. குத்துப்பட்டவர் அதன் அட்டையில் ஒரு வரியாகிவிடுகிறார்.

அப்படியானால் இப்படிப்பட்ட பொருள் எதையும் காட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். இல்லை. மதுரை காந்தி மியூசியத்துக்கு என்னோடு வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தமுக்கம் பக்கத்தில், ராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனையில் 1959 ஏப்ரல் 15-ஆம் தேதி நேரு திறந்து வைத்தது. அங்கே 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கொலை வழக்கின் பொருள்தான். இந்த நாட்டின் மிகப் பெரிய கொலை வழக்கு அது.

பஸ்ஸில் கத்திக்கொண்டு வந்த பிள்ளைகள், ஐஸ் வேண்டும் என்று அழுத பிள்ளைகள், அந்தத் துணிக்கு முன்னால் தானாக அமைதியானதை நான் பார்த்திருக்கிறேன். நான் அதட்டவில்லை. ஏன் அப்படி ஆனது?

எனக்குத் தோன்றிய காரணம் இது. அந்தத் துணிக்கு வருவதற்கு முன்னால் நாம் ஒரு முழு வாழ்க்கையைக் கடந்து வருகிறோம். விடுதலைப் போராட்டத்தின் படங்கள், காந்தி சிறுவனாக இருந்த படம், தென்னாப்பிரிக்கா, உப்புச் சத்தியாக்கிரகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அங்கே வருகிறோம். அதுவும் மதுரையில் அந்தத் துணி இருப்பதற்குத் தனி அர்த்தம் உண்டு. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான், ஏழைகள் உடுத்துவதையே இனி நானும் உடுத்துவேன் என்று அவர் அரை ஆடைக்கு மாறினார். அந்த முடிவு பிறந்த ஊரிலேயே அந்தத் துணியும் வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே நிற்கும் பிள்ளை சுட்டவனை நினைப்பதில்லை, சுடப்பட்டவரைத்தான் நினைக்கிறது.

டெல்லியில் இந்திரா காந்தி நினைவு இல்லத்திலும் அப்படித்தான். அவர் கடைசியாக உடுத்தியிருந்த சேலையும், 1991 மே 21 அன்று நம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி இறந்தபோது அணிந்திருந்த உடையின் மிச்சமும் காலணியும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்த வீட்டில், அவர்கள் படித்த புத்தகங்களுக்கும் உட்கார்ந்த நாற்காலிகளுக்கும் நடுவில் அவை இருக்கின்றன. அதனால் பார்ப்பவர் கண் கலங்குகிறது.

ஆனால் அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் மட்டும் இறக்கவில்லை. பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் பொதுமக்களும் இறந்தார்கள். அவர்கள் வீடுகளிலும் ஒரு கைக்கடிகாரம், ஒரு பெல்ட் இருந்திருக்கும். தலைவர்கள் என்றால் வாழ்க்கையைச் சொல்லிவிட்டு ரத்தத்தைக் காட்டுகிறோம். வரப்பில் வெட்டுப்பட்ட ஒரு விவசாயி என்றால் நேராக அரிவாளைக் காட்டுகிறோம். இந்த வித்தியாசம் சரியா?

வெளிநாட்டிலும் இதே குழப்பம் இருந்திருக்கிறது. லண்டன் போலீஸிடம் குற்றப் பொருள்களின் பழைய சேகரிப்பு ஒன்று உண்டு. 1870-களில் காவலர் பயிற்சிக்காகத் தொடங்கியது. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. 2015-இல்தான் லண்டன் மியூசியத்தில் அதன் ஒரு பகுதியை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வரம்பு கட்டிக்கொண்டார்கள். 1975-க்குப் பிறகு நடந்த தனிமனிதக் கொலை வழக்குகளின் பொருள்கள் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் இன்னும் உயிரோடு இருப்பார்களே என்ற எண்ணம். இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிவப்பு ரிப்பன்தான் ஞாபகம் வந்தது.

அதே இங்கிலாந்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1828-இல் ஒரு கொலைக்காக வில்லியம் கார்டர் என்பவனைத் தூக்கிலிட்டார்கள். அவன் தோலை உரித்துப் பதம் செய்து, அவனுடைய வழக்கைப் பற்றிய புத்தகத்துக்கே அட்டையாகப் போட்டார்கள். அது ஒரு மியூசியத்தில் இருக்கிறது. அவன் எலும்புக்கூட்டை 2004-இல்தான் எரித்தார்கள். அவன் செய்தது கொடுமைதான். ஆனால் தண்டனை முடிந்த பிறகும் ஒரு மனிதனை வேடிக்கைப் பொருளாக வைத்திருந்தால் அதில் நீதி எங்கே இருக்கிறது? கொலைகாரனையும் ஒரு தாய்தான் பெற்றாள்.

இதை எழுதும்போது நம் ஊர் ஞாபகம் வருகிறது. நான் இருக்கும் வீட்டில் இருந்து ரமணாசிரமம் நடக்கும் தூரம். பகவான் கடைசிக் காலத்தில் இருந்த அறையில் அவருடைய கைத்தடி, கமண்டலம் எல்லாம் அப்படியே வைத்திருக்கிறார்கள். வெளியூரில் இருந்து வரும் உறவுகளை நானே கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறேன்.

அந்த ஆசிரமத்திலும் ஒரு கொள்ளை வழக்கு உண்டு. 1924 ஜூன் 26 இரவு திருடர்கள் புகுந்தார்கள். அப்போது எல்லாம் கூரைக் கொட்டகைதான். இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பகவான் வழிவிட்டு வெளியே வந்தார். அப்படி வந்தவரையும் தொடையில் அடித்தார்கள். ஒரு சீடர் கோபத்தில் இரும்புக் கம்பியைத் தூக்கினார். பகவான் தடுத்துவிட்டார். திருடர்கள் வெளிச்சத்துக்கு விளக்குக் கேட்டபோது ஏற்றிய விளக்கைக் கொடுக்கச் சொன்னார். சில நாளில் அவர்கள் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றார்கள்.

அவர் ஊன்றிய தடியை ஆசிரமத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவரை அடித்த தடியை நான் பார்த்ததில்லை. யாரும் அதைத் தேடிக் கேட்டதாகவும் தெரியவில்லை. இவ்வளவு வருஷம் இங்கே இருந்தும் இது எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது.

இனி அந்தப் பெண் விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமி அன்று கிரிவலம் வந்தவள், விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். இப்போது நர்ஸ். இரண்டு பிள்ளைகள். காபி குடித்துக்கொண்டே பேசினோம். நானாகவே அந்தப் பொருட்காட்சிப் பேச்சை எடுத்து, "என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

"நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "அருவாளைப் பாத்தது கூட எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். அந்த அட்டையில கொலையுண்டவர்னு போட்டிருந்துச்சு பாருங்க, அதுதான். எங்கப்பா நெல்லுக்குத் தண்ணி கட்டப் போனாரு. அவருக்குப் பாட்டுன்னா உயிரு. அத யாராவது எழுதியிருந்தா நானே நின்னு எல்லாருக்கும் காட்டியிருப்பேன். இல்லன்னா எங்ககிட்ட குடுத்திருக்கலாம்."

டார்ச் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டேன். இல்லையாம். கேட்கலாம் என்றே பாட்டிக்குத் தெரியாதாம்.

நீதிமன்றத்தில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவனிடம் இதைப் பற்றி விசாரித்தேன். வழக்கு முடிந்ததும் சான்றுப் பொருள்களை என்ன செய்வது என்று நீதிமன்றம் உத்தரவு போட வேண்டும். அழிக்கலாம், அரசு எடுத்துக்கொள்ளலாம், அல்லது உரியவரிடம் ஒப்படைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 452. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு 498. அதாவது அந்த டார்ச்சைப் பாட்டி மனுப் போட்டுக் கேட்டிருக்கலாம். இதைப் படிக்கும் உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு பொருள் கோர்ட்டில் கிடந்தால், தயவுசெய்து ஒரு வக்கீலைப் பார்த்துக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மற்றக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நாம்தான் மரியாதை காட்ட வேண்டும். கண்காட்சி வைப்பவர்கள் கொஞ்சம் சிரமப்பட்டு அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய், இதை வைக்கலாமா, என்ன எழுதலாம் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஒரு குடும்பம் வேண்டாம் என்று சொல்லலாம். இன்னொரு குடும்பம், எங்கள் ஆளைப் பற்றி நாலு வரி எழுதுங்கள் என்று சொல்லலாம். கேட்காமல் நாமாக முடிவு செய்யக் கூடாது என்பதுதான் என் கட்சி.

சரிப்பா, உன் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போ. ஆனால் போவதற்கு முன்னால் நான் செய்யத் தவறியதை நீ செய். நாற்பத்தைந்து பேரில் யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள். எல்லோர் முன்னாலும் கேட்காதே, தனியாக விசாரி. எந்தப் பொருளுக்கு முன்னால் நின்றாலும், "இதை வெச்சிருந்தவன் யாரு" என்பதோடு, "இதனால பாதிக்கப்பட்டவங்க யாரு, அவங்க வீட்ல இப்ப யாரு இருப்பாங்க" என்றும் பிள்ளைகளைக் கேட்க வை. துப்பாக்கி பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டாம் என்று சொல். திரும்பி வந்ததும் அவர்கள் எழுதும் கட்டுரையில் என்ன இருக்கிறது என்று பார். வெறும் ஆயுதப் பட்டியலாக இருந்தால் பாடம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

யாராவது ஒரு பிள்ளை நகராமல் ஒரே இடத்தில் நின்றால், வரிசையில் போ என்று சொல்லிவிடாதே. பக்கத்தில் போய் நின்று என்னவென்று கேள்.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள். என் சித்தப்பா மகனும் படிப்பான், அவனோடு சண்டை போடாமல் எழுதுங்கள். அந்தப் பெண்ணும் படிப்பாள். அவள் யார் என்று கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள். அவளைத் தெரிந்தவர்கள் பெயரைச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்
உங்கள் டீச்சர்
ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை